இருக்கிற இடமே தெரியல

புதுப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையைச் சேர்த்த முதல் இரண்டு மாதம் சொந்தக்காரர்கள், எதிர்வீட்டுக்காரர்கள், தெரபி வகுப்பு வாசலில் காத்திருக்கும் மற்ற அம்மாக்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "செட் ஆயிட்டானா?" அதற்குப் பள்ளிக்கூடம் தரக்கூடிய ஆகச் சிறந்த பதிலும் ஒன்று இருக்கிறது: "இருக்கிற இடமே தெரியல." பிள்ளைகளைப் பாராட்ட நம்மிடம் இருக்கும் சொற்களைக் கொஞ்சம் வரிசையாக வைத்துப் பாருங்கள். சமத்து. சாது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. இருக்கிற இடம் தெரியாது. எல்லாமே பிள்ளை என்ன செய்யவில்லை என்பதற்கான பாராட்டு.

என் அக்கா மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். இந்த ஜூனில் அவன் சேர்ந்தது மூன்றாவது பள்ளி. முதல் பள்ளி டி.சி. கொடுத்தது. இரண்டாவது பள்ளி டி.சி. கொடுக்காமல், நாங்களே கேட்டு வாங்குகிற மாதிரி நடந்துகொண்டது. ஆகஸ்டில் டைரியில் ஒரு குறிப்பு வந்தது: அமைதியாக இருக்கிறான், தொந்தரவு இல்லை. அக்கா அதைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டாள். வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள் வந்து விழுந்தன. எனக்கு அந்த வரி உறுத்தியது, ஏன்னா அவன் வீட்டில் அமைதியான பிள்ளையே கிடையாது. பாட்டில் மூடிகளை வரிசை கட்டிக்கொண்டே ஒரே சுருதியில் ஹம் பண்ணுவான். 29சி பஸ்ஸின் நிறுத்தங்களைப் பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் ஒப்பிப்பான், நடுவில் நிறுத்தினால் திரும்பப் பெரம்பூரிலிருந்துதான். அந்தச் சத்தம் எல்லாம் ஒன்பதிலிருந்து மூன்றரை வரை எங்கே போகிறது?

இந்தக் கேள்வியோடு, ஏற்கெனவே எல்லோரும் பார்த்த ஒரு படத்தையும், எல்லோரும் படித்த (அல்லது படித்ததாகச் சொல்கிற) ஒரு புத்தகத்தையும் திரும்ப எடுத்தேன். 'தாரே ஜமீன் பர்', 'டோட்டோ-சான்'. இரண்டுமே 'நல்லாசிரியர்' கதைகளாகத்தான் நம்மிடையே புழங்குகின்றன. ஆசிரியர் தினத்துக்குத் தவறாமல் வந்துவிடும். ஆனால் அடிப்படையில் இரண்டும், ஒரு பள்ளியில் தோற்ற பிள்ளை இன்னொரு பள்ளிக்குப் போவதைப் பற்றியவை. அந்தக் கோணத்தில் பார்க்கும்போது ஒன்று பாதியில் கைவிட்டுவிடுகிறது, இன்னொன்று தாக்குப்பிடிக்கிறது என்பது என் கட்சி.

முதலில் படம். 2007 டிசம்பரில் வந்தது. இயக்கம் ஆமிர் கான், எழுத்து அமோல் குப்தே. இஷான் என்கிற எட்டு வயது மும்பைப் பையன் மூன்றாம் வகுப்பில் இரண்டாவது வருடமாக உட்கார்ந்திருக்கிறான். எழுத்துகள் அவன் கண்முன் ஆடுகின்றன. டிஸ்லெக்ஸியா என்று வீட்டிலும் தெரியாது, பள்ளியிலும் தெரியாது. திமிர் என்று முடிவுகட்டி அப்பா போர்டிங் ஸ்கூலில் கொண்டுபோய் விடுகிறார். இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், ஆமிர் கான் கோமாளி வேஷத்தில் வகுப்புக்குள் குதிக்கிற இடத்திலிருந்துதான் பேச ஆரம்பிக்கிறார்கள். அது இடைவேளையை ஒட்டி வருகிறது. எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய பகுதி.

மும்பையில் இஷான் சத்தமும் சேறுமாக இருக்கிற பிள்ளை. சாக்கடையில் மீன் பிடிப்பான், தெருப் பையன்களோடு கட்டிப் புரளுவான், பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு ஊரைச் சுற்றிப் பார்ப்பான். போர்டிங்கில் முதலில் அழுகிறான். அப்புறம் அழுகை நின்றுவிடுகிறது. அப்புறம் பேச்சு. கடைசியாக ஓவியம். வரைவதை நிறுத்திவிட்டான் என்பதைப் படம் யார் வாயாலும் சொல்லவைக்காமல், அவன் உடம்பிலேயே காட்டுகிறது. தோள் உள்வாங்கிவிடுகிறது, கண் தரையை விட்டு எழும்புவதில்லை. தர்ஷீல் சஃபாரி என்கிற அந்தச் சிறுவன் இந்த இடங்களில் செய்திருப்பதைப் பெரிய நடிகர்களிடம்கூட நான் அதிகம் பார்த்ததில்லை.

இப்போது அந்தப் பள்ளியின் இடத்திலிருந்து யோசியுங்கள். பையன் அடிதடி செய்வதில்லை, எதிர்த்துப் பேசுவதில்லை, ஓடிப்போவதில்லை. அவர்களிடம் டைரி இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? எங்கள் வீட்டுக்கு வந்த அதே வரியைத்தான். ஒரு பிள்ளை 'செட் ஆவது' வெளியே இருந்து பார்க்கும்போது எப்படித் தெரியும் என்பதற்கும், ஒரு பிள்ளை உள்ளுக்குள் அணைந்துபோவது எப்படித் தெரியும் என்பதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது என்று இந்தப் படத்தின் நடுப்பகுதி காட்டுகிறது. இந்திய சினிமாவில் இதைவிட நேராக யாரும் இதைக் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் படம் சரியாகப் பிடித்திருக்கிறது. அந்தப் பள்ளியில் இஷானுக்கு என்ன பிரச்சினை என்று முதலில் தெரிந்துகொண்டது எந்த ஆசிரியரும் இல்லை, பக்கத்தில் உட்காரும் ராஜன். காலில் ஊனமுள்ள பையன். குடும்பத்தோடு அங்கேயே வசிக்கிறான், வகுப்பில் முதல் வரிசை மாணவன். இந்தி வகுப்பில் ஒரு கவிதைக்கு இஷான் தன் சொந்த மனசிலிருந்து பொருள் சொல்கிறான், ஆசிரியர் ஒதுக்கிவிட்டு உருப்போட்ட பதிலைப் பாராட்டுகிறார். நீ சொன்னதுதான் சரி என்று இஷானிடம் சொல்வது ராஜன். நிகும்ப் சார் வந்து விசாரிக்கும்போது இவன் எவ்வளவு முயன்றாலும் எழுதப் படிக்க வரவில்லை என்று சொல்வதும் அவன்தான்.

இதை நான் நம்புவதற்குக் காரணம் உண்டு. என் அக்கா மகனின் பெஞ்சில் உட்காரும் பையனை ஒருநாள் பள்ளி வாசலில் பார்த்தேன். "ஆன்ட்டி, அவனுக்கு பெல்லு சத்தம் புடிக்காது. பெல் அடிக்கிற அண்ணன் வராண்டால நடந்து வர்றப்பவே நான் சொல்லிடுவேன், அவன் காதைப் பொத்திப்பான்" என்றான். சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டான். டைரியில் இந்த விஷயம் இல்லை. மாதம் தவறாமல் பணம் கட்டி வாங்குகிற தெரபி ரிப்போர்ட்டிலும் இல்லை. ஒரு குழந்தைக்கு மணிச் சத்தம் ஆகாது, முன்கூட்டிச் சொன்னால் சமாளித்துக்கொள்வான் என்ற தகவல் அந்தக் கட்டடத்திலேயே ஒன்பது வயதுப் பையன் ஒருத்தனிடம் மட்டும் இருக்கிறது.

படத்தின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். நிகும்ப் கண்டுபிடிக்கிறார், மும்பை போய் வீட்டில் பேசுகிறார், முதல்வரிடம் போராடிக் கொஞ்ச நாளைக்கு வாய்மொழித் தேர்வு என்று சலுகை வாங்குகிறார், மணலிலும் களிமண்ணிலும் எழுத்து பழக்குகிறார், படிக்கட்டில் ஏறி இறங்கிக் கணக்கு சொல்லித்தருகிறார். எல்லாம் சரி, முறைகளும் சரியானவைதான். அப்புறம் வருகிறது அந்த ஓவியப் போட்டி. முழுப் பள்ளியும் வரைகிறது, இஷான் ஜெயிக்கிறான், அவன் ஓவியம் ஆண்டு மலரின் அட்டையில் வருகிறது. தியேட்டரே அழுதது. நானும்தான்.

அழுதுவிட்டுக் கேட்க வேண்டியதைக் கேட்போம். ஓவியம் வராத இஷானுக்கு அந்தப் பள்ளியில் என்ன இடம்? எழுதவும் வராது, வரையவும் வராது, சாதாரணமான ஒரு பிள்ளை என்றால்? படத்துக்கு அதற்குப் பதில் கிடையாது. ஏனென்றால், இந்தப் பிள்ளையிடம் நீங்கள் பார்க்காத ஒரு திறமை இருக்கிறது, ஆகவே இவனை வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் வாதம். வைத்துக்கொள்வதற்கு விலையாகத் திறமையைக் கேட்கிற பழைய கணக்குதான் இது. 2013-ல் வந்த 'ஹரிதாஸ்' இந்த வரிசையில் தமிழில் முக்கியமான படம். கிஷோரின் அப்பா பாத்திரம், அவர் முகத்தில் எப்போதும் இருக்கிற அந்தக் களைப்பு, சினேகாவின் ஆசிரியை எல்லாம் நன்றாகவே இருக்கும். அங்கேயும் ஆட்டிசம் உள்ள சிறுவன் கடைசியில் ஓடி ஜெயிக்க வேண்டியிருக்கிறது. நம் படங்களில் சிறப்புக் குழந்தைகள் பாஸ் மார்க் வாங்கினால் போதாது, கப் வாங்க வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம்: நிகும்ப் அந்தப் பள்ளியில் தற்காலிக ஆசிரியர். லீவு முடிந்து இஷான் திரும்பி வரும்போது அவர் இருப்பாரா? விரல் முட்டியில் அடிக்கிற பழைய ஓவிய வாத்தியார் வகையறா அப்படியேதான் இருக்கும். படம் பையனை ஆகாயத்தில் தூக்கிப் போட்டு, அந்தரத்திலேயே உறைய வைத்துவிட்டு முடிந்துவிடுகிறது. இறங்கி வரும் இடத்தைக் காட்டவில்லை.

இனி புத்தகம். தெத்சுகோ குரோயானகி 1933-ல் பிறந்தவர். ஜப்பானில் எல்லோருக்கும் தெரிந்த தொலைக்காட்சி முகம். 1981-ல் இது நூலாக வந்தது. தமிழில் 'ஜன்னலில் ஒரு சிறுமி' என்ற துணைத்தலைப்போடு நேஷனல் புக் டிரஸ்ட் போட்டது, மாற்றுக் கல்வி பேசுகிற ஆசிரியர்கள் கையில் எல்லாம் ஒரு பிரதி இருக்கும். ஜப்பானியத் தலைப்பில் ஒரு குத்தல் உண்டு. அலுவலகங்களில் வேலை எதுவும் கொடுக்காமல் ஓரங்கட்டப்பட்ட ஆட்களை 'ஜன்னலோரத்து ஆட்கள்' என்று சொல்வது அப்போதைய வழக்கு. அதையும் மனதில் வைத்தே தலைப்பிட்டதாக அவரே பின்னுரையில் சொல்கிறார். தமிழில் ஜன்னல் என்றதும் நமக்குக் காற்றும் வெளிச்சமும் ஞாபகம் வருகிறது, ஓரங்கட்டுதல் வருவதில்லை. தலைப்பு தமிழுக்கு வரும்போதே கொஞ்சம் இனிப்பாகிவிட்டது.

டோட்டோ-சான் முதல் வகுப்பிலேயே பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டவள். மேஜை மூடியைத் திறந்து திறந்து மூடுவாள். ஜன்னலில் நின்று தெருவில் போகும் வாத்தியக்காரர்களைக் கூப்பிடுவாள். கூரையில் கூடு கட்டுகிற குருவிகளிடம் என்ன செய்கிறாய் என்று சத்தமாக விசாரிப்பாள். கொடி வரையச் சொன்னால் தாள் போதாமல் மேஜை மேலும் வரைவாள். இன்றைக்கு என்றால் ஒரே வாரத்தில் அசெஸ்மென்ட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். தனக்குக் கற்றல் குறைபாடு இருந்திருக்கலாம் என்று குரோயானகியே பிற்காலத்தில் எழுதினார்.

அம்மா அவளைத் தோமோயே பள்ளிக்கு அழைத்துப் போகிறார். டோக்கியோவின் ஜியூகாவோகாவில் சோசாகு கோபயாஷி 1937-ல் தொடங்கியது, பழைய ரயில் பெட்டிகள்தான் வகுப்பறை. மொத்தம் ஐம்பது பிள்ளைகள். இங்கே நடக்கிற அட்மிஷன் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும், தலைமையாசிரியர் நாலு மணி நேரம் அவள் பேசுவதைக் கேட்டார் என்று. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்கு முன்னால் அவர் செய்தது: அம்மாவை வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுகிறார்.

நம் அட்மிஷன் அறைகளை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பக்கத்து நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு இருக்கும். அதன் தலைக்கு மேலே நாம் வாசிப்போம்: கடிப்பான் சார், கவனம் நிற்காது சார், போன ஸ்கூலில் இது பிரச்சினை ஆச்சு சார். பேசாத பிள்ளை என்றால் காது கேட்காத பிள்ளை மாதிரியே நடத்துவோம். ஃபைலில் எட்டு வருட ரிப்போர்ட் இருக்கும், எட்டும் குறைகளின் பட்டியல். கோபயாஷி ஃபைலைக் கேட்கவில்லை. பிள்ளையைப் பற்றிப் பிள்ளையிடம் கேட்டார். டோட்டோ-சானின் அம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. பள்ளியை விட்டு நீக்கினார்கள் என்பதை மகளுக்கு இருபது வயது ஆகும்வரை சொல்லவே இல்லை. புதுப் பள்ளிக்கூடம் பார்க்கப் போகலாமா என்று மட்டும் கேட்டு அழைத்துப் போனார். ஆறு வயதுப் பிள்ளை தோற்றவளாக அந்த வாசலுக்குள் நுழையவில்லை என்பதற்கு அந்த மௌனம் காரணம்.

அதற்குப் பிறகு அவள் 'செட்' ஆனாளா? பக்கம் பக்கமாகத் தேடினாலும் அவள் அடங்கின இடம் ஒன்றுகூடக் கிடைக்காது. கழிப்பறைக் குழியில் பர்ஸ் விழுந்ததும் அகப்பையால் அள்ளி அள்ளி வெளியே கொட்டுகிறாள். அந்தப் பக்கம் வந்த கோபயாஷி, முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாயல்லவா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். முன்பு என்னவெல்லாம் செய்து வெளியேற்றப்பட்டாளோ, ஏறத்தாழ அதையேதான் இங்கேயும் செய்துகொண்டிருக்கிறாள். மாறியிருப்பது பள்ளி. எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், அன்றைய பாடங்களில் எதை முதலில் எடுப்பது என்று அவரவர் முடிவு செய்யலாம் என்று ஆனபிறகு, எழுந்து நடப்பது குற்றமே இல்லாமல் போய்விடுகிறது.

தகாஹாஷி என்கிற பையனின் கதையை நம் ஆட்கள் அதிகம் சொல்வதில்லை. கை கால் குட்டையான, மேற்கொண்டு வளராத பையன். தோமோயேயின் விளையாட்டு விழாவில் எல்லாப் போட்டியிலும் அவன்தான் முதல். துணியால் செய்த பெரிய மீனுக்குள் ஊர்ந்து வெளியே வரும் பந்தயம், படிக்கட்டில் ஏறி இறங்கும் தொடர் ஓட்டம். எல்லாம் குட்டை உடம்புக்கு வாகாக கோபயாஷி யோசித்து வைத்தவை. பரிசு என்ன தெரியுமா? முள்ளங்கி, கீரை மாதிரிக் காய்கறிகள். வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சமைத்துச் சாப்பிடு.

இதுவும் ஓவியப் போட்டி மாதிரிதானே, இங்கேயும் பிள்ளை ஜெயித்தாக வேண்டியிருக்கிறதே என்று நீங்கள் மடக்கலாம். நானும் இதில் கொஞ்ச நாள் குழம்பினேன். இஷான் போட்டிக்கு ஏற்ற மாதிரி ஆகிறான். இங்கே பையனுக்கு ஏற்ற மாதிரி போட்டியை வெட்டித் தைத்திருக்கிறார்கள். அந்த வெற்றியை யாரும் அட்டைப்படமாகப் போடவில்லை, ராத்திரி குழம்பில் போட்டார்கள். ஆனாலும் ஏமாற்று வேலை என்கிற நெருடல் முழுக்கப் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நெருடலே இல்லாத இடம் அந்த வால் சம்பவம். வகுப்பாசிரியை ஒருநாள் மனிதனுக்கு ஒருகாலத்தில் வால் இருந்தது என்று பாடம் நடத்துகிறார். வேடிக்கையாக, உனக்கு இன்னும் இருக்கிறதா என்று தகாஹாஷியிடம் கேட்டுவிடுகிறார். மனதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. சாயங்காலம் சமையலறையில் கோபயாஷி அந்த ஆசிரியையிடம் கோபமாகப் பேசுவதை டோட்டோ-சான் தற்செயலாகக் கேட்கிறாள். அந்தப் பையன் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்தீர்களா என்று கேட்கிறார். ஆசிரியை அழுகிறார். ஸ்டாஃப் ரூமில் மற்ற ஆசிரியர்கள் முன்னால் வைத்துக் கேட்காமல் சமையலறையில் கேட்டார் என்பதை அந்தச் சிறுமி குறித்துக்கொள்கிறாள். ஆசிரியைக்கும் முகம் உண்டு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நிகும்ப் செய்யாத வேலை இது. அவர் பையனைத் தூக்கிவிட்டார், சக ஆசிரியர்களை விட்டுவிட்டார். ஒரு பள்ளி மாறுகிறதென்றால் இப்படிச் சமையலறையில் நடக்கிற பேச்சுகளால்தான் மாறும், எவ்வளவு சங்கடமானாலும்.

புத்தகத்தின் மேல் எனக்கு வழக்கும் உண்டு. கோபயாஷியின் நாலு மணி நேரம் வாயாடிப் பிள்ளைக்கான நாலு மணி நேரம். என் அக்கா மகன் மாதிரி, கேள்விக்கு வார்த்தையில் பதில் சொல்லாத பிள்ளை வந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? தரையில் உட்கார்ந்து கூடவே மூடிகளை வரிசை கட்டியிருப்பார் என்று நம்ப ஆசைதான். ஆனால் புத்தகத்தில் அப்படி ஒரு பிள்ளை இல்லை. உடல் ஊனம் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்புறம் ஐம்பதே பிள்ளைகள், தனியார் பள்ளி, டோட்டோ-சானின் அப்பா பெரிய வயலின் கலைஞர். முதல் பள்ளி ஆசிரியையை நாம் வில்லியாக நினைத்துக்கொள்கிறோம், அவர் வகுப்பில் எத்தனை மேஜைகள் இருந்தன என்று கேட்பதில்லை. 1945-ல் விமானக் குண்டுவீச்சில் தோமோயே எரிந்தது. தொடக்கப் பள்ளியைத் திரும்பக் கட்டாமலேயே 1963-ல் கோபயாஷி இறந்துபோனார். நிகும்ப் பிரச்சினைதான் இங்கேயும், ஆள் போனால் பள்ளி போச்சு.

ஆள் போனாலும் நிற்க வேண்டும் என்றுதான் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இருபத்தொரு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, ஆட்டிசமும் டிஸ்லெக்ஸியாவும் அதில் உண்டு. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடில்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும், அந்தந்தப் பிள்ளையின் தேவைக்கேற்ற ஏற்பாடு செய்து தர வேண்டும் என்கிறது. 2021-ல் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று கணக்குச் சொன்னது. காகிதத்தில் இது கோபயாஷியைவிடப் பெரிய விஷயம், ஏன்னா தனி மனிதரின் நல்ல மனசை நம்பி இல்லை. நடைமுறையில் என் அக்கா பார்த்த மூன்று பள்ளிகளில் ஒன்றில்தான் சிறப்பாசிரியர் இருந்தார், அவரும் வாரத்தில் இரண்டு நாள். ஷேடோ டீச்சர் வேண்டுமென்றால் நீங்களே சம்பளம் கொடுத்து அனுப்புங்கள் என்றது ஒரு பள்ளி. எங்கள் மணிச் சத்தப் பிரச்சினைக்குத் தேவை, மணி அடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் ஒருவர் சொல்வது. இதற்கு ஆகிற செலவு எவ்வளவு? அதை டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி அனுப்பியிருக்கிறாள் அக்கா. கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள், படித்தார்களா என்று போகப் போகத் தெரியும்.

பின்னுரையில் குரோயானகி தோமோயே பிள்ளைகள் பிற்காலத்தில் என்னவானார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்கிறார். ஒருவர் இயற்பியலாளர், ஒருவர் ஆர்க்கிட் வளர்ப்பில் பெரிய நிபுணர். தகாஹாஷி மின்னணுப் பொறியியல் படித்து ஒரு நிறுவனத்தில் பணியாளர் பிரிவு மேலாளர். உயரம் மட்டும் அப்படியே. கப் வாங்கிக் காட்டுகிற சபலம் குரோயானகியையும் விடவில்லை போல என்று நினைத்துக்கொண்டே படித்தேன்.

அந்தப் பட்டியலில் யாசுவாகி இருக்க முடியாது. போலியோவால் கையும் காலும் பாதிக்கப்பட்ட பையன், வளர்வதற்கு முன்பே இறந்துவிட்டான். அவனைப் பற்றிச் சொல்ல சாதனை எதுவும் இல்லை. ஆனால் இந்தப் புத்தகத்திலேயே நான் திரும்பத் திரும்பப் படிக்கிற அத்தியாயம் அவனுடையது. தோமோயேயில் ஆளுக்கொரு மரம் உண்டு, அவரவர் மரத்தில் அவரவர் ஏறலாம். யாசுவாகிக்கு மரம் ஏற முடியாது. விடுமுறை நாள் ஒன்றில், பெரியவர்கள் யாருக்கும் சொல்லாமல், டோட்டோ-சான் அவனைத் தன் மரத்துக்கு விருந்தாளியாக அழைக்கிறாள். காவலாளியின் கொட்டகையிலிருந்து ஏணியை இழுத்து வருகிறாள், அது சரிப்படவில்லை. மடக்கேணியை இழுத்து வருகிறாள். கீழிருந்து தலையால் முட்டித் தள்ளுகிறாள், மேலே போய்க் கையைப் பிடித்து இழுக்கிறாள். வியர்த்து வழிய ஒருவழியாக இரண்டு பேரும் கிளையில் உட்கார்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் அக்கா சொன்னதாக, டெலிவிஷன் என்று ஒரு பெட்டி வரப்போகிறது என்று அவன் அவளுக்குச் சொல்கிறான். வாழ்நாளில் அவன் ஏறிய ஒரே மரம் அது. எந்த ஆசிரியரும் பார்க்கவில்லை.